காசு வாங்காத கோச்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் என் அண்ணன் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே, பேட்மின்டன் கோர்ட்டில் இருந்தவர்கள்: அண்ணன் சேகர், அண்ணி செல்வி, அவர்கள் மகள் மகிழினி, நான்காவது மாடி ஹாஜா பாய், அவர் மகன் இம்ரான், எதிர் புளோக்கு தர்ஷினி, அவள் அப்பா, பிறகு நான்.

வராதவர்கள்: வழக்கமாக வரும் இன்னும் இரண்டு பிள்ளைகள். அவர்களின் பெற்றோர் அதற்கு முந்தைய நாளே எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

வர முடியாதவர்: பாண்டி. அவரை வியாழக்கிழமை திருச்சி விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

என்ன செய்தார் பாண்டி? பிள்ளைகளுக்கு இலவசமாக பேட்மின்டன் சொல்லிக்கொடுத்தார். அது குற்றமா? இல்லை. இலவசமாகச் சொல்லிக்கொடுத்ததற்குக் காசு வாங்கினார் — அதுதான் குற்றம்!

குழப்பமாக இருக்கிறதா? எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் அண்ணனைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு அறிமுகம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வெல்டிங் கற்றுக்கொண்டு இங்கே கப்பல் பட்டறைக்கு வந்தவர். தன் ஓவர்டைம் காசில் என்னை டிப்ளமோ வரை படிக்க வைத்தவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அண்ணன் இப்போது சூப்பர்வைசர், நிரந்தரவாசி. அண்ணியையும் மகளையும் இங்கேயே வைத்துக்கொள்ளும் அளவுக்கு மேலே வந்துவிட்டார்.

அந்த மகள் மகிழினிக்கு பேட்மின்டன் பைத்தியம்.

மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைக்கு, அதாவது பாடத்தோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளும் ஆட்டத்துக்கோ கலைக்கோ, பெயர் கொடுக்கச் சொன்னார்கள். முதல் விருப்பம் பேட்மின்டன். இரண்டாவது, மூன்றாவது விருப்பத்திலும் அவள் பேட்மின்டன் என்றே எழுதப் போனாள். அண்ணிதான் தடுத்தார். தேர்வு நாளன்று, நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காவில் வாங்கிய மட்டையோடு போனாள். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு மட்டை, இரண்டு பந்து சேர்ந்து வருமே, அந்த மட்டை. மற்ற பிள்ளைகள் சிலர் கொண்டுவந்த பை, அவளையே உள்ளே போட்டு ஜிப் இழுத்துவிடும் பெரிசு. ஆசிரியர் பந்தை எடுத்துப் போட்டார். மகிழினி வீசினாள். பந்து ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம்.

ஆசிரியர் நல்லவர். அண்ணியிடம் தனியாகச் சொன்னாராம். “பிள்ளைக்கு ஆர்வம் இருக்கு. ஒரு வருஷம் வெளியே டிரெயினிங் அனுப்புங்க. அப்புறம் டிரை பண்ணலாம்.”

கவனித்தீர்களா? பள்ளியில் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், முதலில் வெளியே கற்றுக்கொண்டு வர வேண்டும். உள்ளே எல்லாம் இலவசம். வாசலுக்கு மட்டும்தான் கட்டணம்.

அந்த வருடம் மகிழினிக்குக் கிடைத்தது என்ன என்று ஊகிக்கிறவர்களுக்குப் பரிசு கிடையாது. தமிழ்ப் பிள்ளை... வேறென்ன? இந்தியன் டான்ஸ்.

அண்ணன் விடவில்லை. ஒரு தனியார் அகாடமிக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஏசி ஹால், பச்சைத் தரை, சுவரெல்லாம் கோப்பை. எங்கள் குடும்பம் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அண்ணன் அதைக் கேட்டார். “எவ்வளவு?” சொன்னார்கள். ஒரு டெர்முக்கு நானூற்று எண்பது வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பந்து தனி. ஷூ தனி. இரண்டாவது கேள்விக்கு அவசியம் வரவில்லை.

“சரி, வேற ஆட்டம் பாப்போம்” என்றார் அண்ணன், வரும் வழியில்.

பார்த்தோம். நீச்சல்? குளத்துக்குள் போக ஒன்றிரண்டு வெள்ளி போதும், ஆனால் நீந்தச் சொல்லித்தருகிறவர் மணிக் கணக்கில் வாங்குகிறார். கால்பந்து கிளப்? சீசன் கட்டணம், ஜெர்சி, பூட்ஸ், சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தீவின் மறுகோடியில் கொண்டுபோய் விட ஒரு கார். கிரிக்கெட்? நம் ஆட்டம் என்று மார் தட்டிக்கொள்கிறோமே, அதுதான். அண்ணன் அதற்காக உயிரையே விடுவார். ஆனால் இங்கே பச்சைப் புல்லில் வெள்ளை உடை போட்டு அதை ஆடுகிறவர்களை அவர் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

எங்கள் வீட்டில் உனக்கு எந்த ஆட்டம் பிடிக்கும் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. எது கட்டுப்படியாகும் என்றுதான் பார்த்திருக்கிறோம். கட்டுப்படியானது பிடித்துப்போகும். பிடித்துப்போன பிறகு, எங்களுக்கு இதில்தான் திறமை என்று ஊர் சொல்லும்.

என் அலுவலகத்தில் ஒரு சீனியர் இருக்கிறார். அவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்தான். எங்களைப் போலவே இட்லி சாப்பிடுகிறவர், எங்களைப் போலவே தைப்பூசத்துக்கு விடுப்பு எடுக்கிறவர். குடியிருப்பது குளமும் கோர்ட்டும் வைத்த தனியார் காண்டோவில். அவர் மகள் டென்னிஸ் ஆடுகிறாள். “அவளுக்கு நேச்சுரலா வருதுப்பா” என்பார் பெருமையாக. லிஃப்ட்டில் இறங்கினால் கோர்ட் இருக்கிற வீட்டில் எதுதான் நேச்சுரலாக வராது?

சரி, கசப்பை நிறுத்துகிறேன். பாண்டியைச் சொல்ல வேண்டும்.

அண்ணன் வேலை செய்யும் பட்டறைக்குச் சாரம் கட்ட வேறொரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவார்கள். அதில் ஒருவர் பாண்டி. மன்னார்குடிப் பக்கம். கிராஞ்சியில் தொழிலாளர் விடுதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவரைச் சாப்பிட வீட்டுக்கு அழைத்திருந்தார். கறி வேக நேரமாகும் என்று பாண்டி கீழே ஒரு சுற்று நடக்கப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. சோறு ஆறிப்போகிறதே என்று அண்ணி மேலேயிருந்து எட்டிப் பார்த்தால், கோர்ட்டில் மகிழினியின் மட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“என்னா பாப்பா, கொசுவா அடிக்கிற? மணிக்கட்டுலேர்ந்து அடி. தோள தூக்காத!”

பாண்டி ஊரில் பூப்பந்து ஆடியவர். மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தை வைத்து மண் தரையில் ஆடுவார்களே, அது. மாவட்ட அளவில் ஆடியதாகச் சொல்வார். அதை அடிக்கடி சொல்வார். யாரும் கேட்காதபோதும் சொல்வார். “இந்த பேட்மின்டன் அதோட தம்பி. அண்ணன அடக்குனவனுக்குத் தம்பி எம்மாத்திரம்?” என்பார்.

அடக்கமான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். வாய் ஓயாது. அண்ணனோடு ஆடினால் கோட்டுக்கு உள்ளே விழுந்த பந்தை வெளியே என்று சாதிப்பார்.

“அவுட்டு!”

“எங்கடா அவுட்டு? லைன் மேல பட்டுச்சு!”

“அண்ணே, நீங்க வெல்டருங்கறீங்க. ஒரு லைன ஒழுங்கா பாக்கத் தெரிய வேணாமா?”

ஆனால் பிள்ளைகள் என்றால் வேறு ஆள். அந்தக் கோர்ட் வெட்டவெளியில் இருக்கிறது. இலவசம், யாரும் ஆடலாம். இலவசமாக இருப்பதற்கு ஒரே காரணம் காற்று. பந்து எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. பாண்டி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். “அடிக்கிறதுக்கு முன்னாடி ஏழாவது மாடித் துணியப் பாரு. கம்புல காயுற கைலி எந்தப் பக்கம் ஆடுதோ, அதுக்கு எதிர்ப் பக்கம் ஒரு அடி தள்ளி அடி.” பிள்ளைகள் சர்வீஸ் போடும் முன்பு அண்ணாந்து பார்ப்பார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் சாமி கும்பிடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு பிள்ளை ஐந்து பிள்ளையானது. ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு பாண்டி கிராஞ்சியிலிருந்து பஸ் பிடித்து வருவார். அவருக்கு வாரத்தில் ஒரே ஒரு விடுமுறை. அவருடன் தங்கியிருப்பவர்கள் தேக்காவுக்குப் போய் ஊருக்குப் பணம் அனுப்பி, முடி வெட்டி, நண்பர்களைப் பார்த்து வருவார்கள். இவர் இங்கே வந்து நின்றார். ஏன்? நான் ஒருமுறை கேட்டேன்.

“விடுதில நான் ஒரு கட்டில் நம்பரு. சைட்ல ஒரு ஹெல்மட் நம்பரு. இங்க வந்தா கோச்சு” என்றார். பிறகு சிரித்தார். “அதோட, அண்ணி ரெண்டாவது கரண்டி கறி கேக்காமயே போடுறாங்க.”

அண்ணி பஸ் காசாவது வாங்கிக்கொள்ளச் சொல்லி எத்தனையோ முறை நீட்டினார். தொடவே மாட்டார். “ஐயோ, காசெல்லாம் வேணாம் அண்ணி, ஆள விடுங்க.” காரணம் இருந்தது. வேலை பர்மிட்டில் வந்தவர், தன் கம்பெனி கொடுத்த வேலையைத் தவிர வேறு எதற்கும் காசு வாங்கக் கூடாது. இது பாண்டிக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியும். இங்கே பிறந்து வளர்ந்து கடை நடத்தும் ஹாஜா பாய்க்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். வாங்கியது தெரிந்தால் பர்மிட் போய்விடும். எனவே ஒரு வருடத்துக்கு மேல் ஒரு வெள்ளிகூடக் கைமாறவில்லை.

ஒருமுறை ஹாஜா பாய் பிள்ளைகளுக்காக ஒரு மணி நேரம் உள்ளரங்கு பதிவு செய்தார். காற்றே இல்லாத இடம். மகிழினி சர்வீஸ் போடும் முன் அண்ணாந்து பார்த்தாள். கூரைதான் இருந்தது. அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை! ஆனால் கால் மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். அந்தக் காற்றில் பழகிய கைக்கு, காற்றில்லாத இடம் விடுமுறை மாதிரி. பக்கத்துக் கோர்ட்டில் காசு கட்டிப் பழகும் பிள்ளைகளின் கோச் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நான் பார்த்தேன். அங்கே அனுமதி இல்லாமல் பயிற்சி தரக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்ததால் பாண்டி பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையிலேயே மிகக் கஷ்டமான ஒரு மணி நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

வரும் ஜனவரியில் பள்ளியில் மறுபடி தேர்வு. இந்த முறை கிடைத்துவிடும் என்று எல்லோருக்குமே தோன்றியது.

அப்போது விஜயதசமி வந்தது.

சிங்கப்பூரில் நல்ல நாள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்துவிடும். அடுத்து வந்த ஞாயிறு என்று முடிவானது. யோசனை அண்ணியுடையது. “ஒரு வருஷமா மாங்கு மாங்குன்னு சொல்லித் தர்றாரு. குருவுக்கு ஒரு தட்டு வைக்காம இருந்தா வித்தை பிள்ளைக்கு ஒட்டுமா?” என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? தேக்காவில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மல்லிகைச் சரம், நாலு முழ வேட்டி வாங்கினார்கள். ஐந்து குடும்பமும் ஆளுக்கு இருபது வெள்ளி. பூஜ்யத்தில் முடியும் தொகையாக வைக்கக் கூடாது என்று மேலே ஒரு வெள்ளி நாணயம்.

ஹாஜா பாய்தான் முதல் இருபதை நீட்டினார். “உங்க முறை எனக்குத் தெரியாது தங்கச்சி. ஆனா உஸ்தாதுக்கு மரியாதை எங்கள்லயும் உண்டு. நம்ம பங்கையும் சேத்துக்கங்க.”

காலை எட்டு மணி. எவர்சில்வர் தட்டு. வெற்றிலை மேல் நோட்டுகள் விசிறி மாதிரி விரிந்திருந்தன. பாண்டிக்கு விஷயம் முன்பே தெரியும். அதனால் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டு வந்திருந்தார். கம்பெனி புதிதாகக் கொடுத்த காலர் வைத்த டிஷர்ட். முதுகில் கம்பெனிப் பெயர், கீழே தொலைபேசி எண்.

பிள்ளைகள் வரிசையாகக் காலில் விழுந்தார்கள். “எந்திரிங்கடா, எந்திரிங்கடா! எனக்கு முப்பத்தி நாலு வயசுதான் ஆகுது, கெழவனாக்கிடாதீங்க!” என்று பதறினார். இம்ரான் மட்டும் இரண்டு கையாலும் கைகொடுத்தான். பாண்டி தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காசு வேண்டாம் என்று ஒரு வருடமாகச் சொன்ன மனிதர், அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை?

ஏனென்றால் தட்டில் வைத்துவிட்டால் அது காசே இல்லை. நமக்கு. கையில் கொடுத்தால் கூலி, கவரில் கொடுத்தால் லஞ்சம், வெற்றிலை மேல் வைத்தால் மரியாதை. விதி தெரிந்த அத்தனை பேர் அங்கே நின்றோம். ஒருவருக்குக்கூட அந்த விதி அப்போது நினைவுக்கு வரவில்லை. ஒளித்துச் செய்கிறோம் என்ற எண்ணம் இருந்தால்தானே நினைவுக்கு வரும்? நாங்கள் அதை போட்டோ வேறு எடுத்தோம். பாண்டி கொஞ்சம் திரும்பி நின்று பிள்ளைகளை ஆசீர்வாதம் செய்கிற மாதிரி ஒன்று. முதுகில் இருந்த பெயரும் எண்ணும் பளிச்சென்று தெரியும். யாரோ அதை புளோக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். இன்னொருவர் ஃபேஸ்புக்கில் போட்டார். கைகூப்பும் படங்கள் குவிந்தன.

இரண்டு வாரம் கழித்து பாண்டி எனக்குப் போன் செய்தார். குரலில் வழக்கமான சத்தம் இல்லை.

“தம்பி, நீங்க நல்லா இங்கிலீஷ் பேசுவீங்கள்ல? ஆபீஸ்ல கூப்புடுறாங்க. கொஞ்சம் வர முடியுமா?”

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். உண்மையைச் சொன்னால் போதும் என்று நம்பிப் போனேன். படித்தவனுக்கு அந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

மேசை மேல் அந்தப் போட்டோ. ஏ4 தாளில், கலரில். எங்கள் வீட்டில்கூட அதை அவ்வளவு பெரிதாகப் போட்டு வைக்கவில்லை. எதிரே மனிதவளப் பிரிவைப் பார்க்கும் சீனப் பெண்மணி. அம்மா வயது. கெட்டவர் இல்லை. எனக்கும் சேர்த்துத் தண்ணீர் கொடுத்தார். பேச்சு ஆங்கிலத்தில், நான் தமிழில் தருகிறேன்.

“மாசம் எவ்வளவு வாங்குறார்?”

“மாசம் எதுவும் இல்ல மேடம். இலவசமாத்தான் சொல்லித் தர்றார்.”

“அப்ப இது என்ன?” விரல் வெற்றிலையின் மேல் இருந்தது.

“அது... வருஷத்துக்கு ஒரு தடவை குடுப்போம். எங்க பண்பாடு.”

“போனஸ் மாதிரியா?”

“இல்ல மேடம். மரியாதை. ஆசிரியருக்குக் குடுக்கிறது.”

“ஆக, சொல்லித் தர்றதால குடுக்குறீங்க.”

நான் யோசித்தேன். “ஆமா” என்றேன். “ஆனா... சொல்லித் தர்றதுக்காக இல்ல.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “காசு குடுத்தீங்களா இல்லையா? அதைச் சொல்லு லா.” பேச்சின் வாலில் ஒட்டும் இந்த ஊர் ‘லா’வை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

குருவைச் சொன்னேன். விஜயதசமியைச் சொன்னேன். ஒற்றைப்படையில் ஏன் வைக்கிறோம் என்றுகூடச் சொன்னேன். சொன்னது எல்லாம் உண்மை. ஒவ்வொரு உண்மையும் அந்தப் புகாரை இன்னும் கொஞ்சம் உறுதியாக்கியது. பக்கத்தில் நின்ற பாண்டிக்கு நிலைமை புரிந்துவிட்டது. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் குறுக்கிட்டார். “மேடம், நான் மணி ரிட்டர்ன். ஃபுல் ரிட்டர்ன். ஓகே?”

அவ்வளவுதான். வாங்கியதை அவரே ஒப்புக்கொண்டாகிவிட்டது.

அந்த அம்மா என்னைப் பார்த்துத்தான் பேசினார். யாரோ கம்பெனி எண்ணுக்கே போட்டோவை அனுப்பியிருக்கிறார்கள். கம்பெனி பெயர் முதுகில் இருக்கிறது. நாளைக்கு இது மேலே அரசாங்கத்துக்குப் போனால் கம்பெனிக்குச் சிக்கல், இவர் மறுபடி இந்த ஊருக்கே வர முடியாமல் போகலாம். இப்போதே பர்மிட்டை ரத்து செய்து அனுப்பிவிட்டால் வேறு கம்பெனியில் மறுபடி விண்ணப்பம் போடலாம். “இதுவும் ஒரு உதவிதான்” என்றார். உண்மையாகவே அப்படி நம்பித்தான் சொன்னார்.

யார் அனுப்பியது? தெரியாது. ஞாயிறு காலைத் தூக்கம் கெட்ட யாராவது இருக்கலாம். எங்களில் ஒருவராகவும் இருக்கலாம். பேட்மின்டன் சொல்லித் தந்து பிழைக்கும், லைசென்சுக்குக் காசு கட்டிய யாராவதாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. எனக்கு இப்போது அதுதான் அதிக எரிச்சல். கோபப்படுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றோம். அந்தப் பக்கம் பஸ் அடிக்கடி வராது. வேலை முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு லாரிகள்தான் போய்க்கொண்டிருந்தன. பாண்டி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “பழைய கம்பெனிலேர்ந்து இதுக்கு மாறி எட்டு மாசம்தான் ஆச்சு தம்பி” என்றார். 

வியாழக்கிழமை விமான நிலையத்தில் பழைய சத்தம் கொஞ்சம் திரும்பியிருந்தது. அல்லது எங்களுக்காகத் திருப்பிக்கொண்டு வந்தார். “பிளேயர வெளிநாட்டுக்கு அனுப்புற டீம் இருக்கு. கோச்ச வெளிநாட்டுக்கு அனுப்புன ஒரே டீம் நம்ம டீம்தாண்ணே!” என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. அண்ணி ஒரு டப்பாவில் கறியும் சோறும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை உள்ளே எடுத்துப் போக விட மாட்டார்கள் என்று தெரிந்ததும், அங்கேயே நாற்காலியில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவே இல்லை.

“மகிழி பேக்ஹேண்ட விட்டுடக் கூடாது, சொல்லிருங்க” என்றார் எழுந்திருக்கும்போது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அண்ணன் வலை கட்டினார். பந்தை எடுத்துப் போட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே பயிற்சி அதுதான். இம்ரானும் தர்ஷினியும் நாலு அடி அடித்தார்கள். மகிழினி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“போய் ஆடு மகிழி. ஜனவரில செலக்‌ஷன் இருக்குல்ல?”

“கோச்ச நாமதான அனுப்புனோம், சித்தப்பா?”

“நாம அனுப்பல. அது வந்து... ஒரு ரூல்.”

அவள் மட்டையின் நரம்பை விரலால் நெருடிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள். “யாருக்கும் பிராப்ளம் வராத கேம் எது சித்தப்பா? அதுக்கு மாறிக்கலாமா?”

 தளர்ந்த நரம்பை நேராக்குகிற சாக்கில் அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் மட்டையை வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அண்ணி மன்னார்குடிக்குப் போன் போட்டார். பாண்டி வீட்டில் இல்லை. அவர் மனைவிதான் எடுத்தார். நலம் விசாரிப்பு முடிந்ததும் அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது. இந்தக் கம்பெனிக்கு மாற ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணம் முழுக்கக் கடன். எட்டு மாதச் சம்பளத்தில் கொஞ்சம்தான் அடைந்திருக்கிறது. கடன் கொடுத்தவர் நேற்றே வந்துவிட்டுப் போயிருக்கிறார். “நான் சொன்னேன்னு அவுங்ககிட்ட சொல்லிராதீங்கக்கா. காசு விஷயம் வெளில பேசுனா கோவிச்சுக்குவாக.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. எல்லோரும் கேட்டோம்.

தர்ஷினியின் அப்பா தயங்கித் தயங்கிப் பேசினார். “பாவம்தான்... ஆனா நாம என்ன செய்ய முடியும் லா? நாம என்ன ஏஜென்டா?”

“ஏஜென்ட் இல்ல தம்பி” என்றார் ஹாஜா பாய். “ஏஜென்ட்டுக்குக் கட்டுன காசத் தண்ணில போட்டது மட்டும்தான் நாம. நான் இந்த ஊர்லயே பொறந்தவன். அன்னைக்குத் தட்டப் பாத்ததும் எனக்கு மொதல்ல தோணிருக்கணும். தோணல. முதல் நோட்டே நான்தான் குடுத்தேன்.”

பாண்டியின் மீதிக் கடனை நாங்களே அடைப்பது என்றானது. குழுவை விட்டுப் போன இரண்டு குடும்பத்திடமும் கேட்பதில்லை என்று முடிவானது. தர்ஷினியின் அப்பா தன்னால் முடிந்ததைச் சொன்னார். பொங்கலுக்கு ஊருக்குப் போக ஒதுக்கி வைத்திருந்ததை அண்ணன் எடுத்தார். மீதி ஹாஜா பாய்.

சாயங்காலம் அண்ணன், ஹாஜா பாய், நான் மூன்று பேரும் தேக்கா போனோம். பணம் அனுப்பும் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னாலும் பின்னாலும் பாண்டி வயதில், பாண்டி மாதிரியே முதுகில் கம்பெனிப் பெயர் போட்ட சட்டைகள். ஒரு மணி நேரம் நின்று கவுன்டருக்கு வந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

“என்ன காரணத்துக்கு அனுப்புறீங்க? குடும்பச் செலவா, கடனா, ஃபீஸா, கிஃப்ட்டா?”

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் ஹாஜா பாயைப் பார்த்தார்.  பின்னாலிருந்து ஒருவர், “சீக்கிரம் சொல்லுங்கண்ணே, விடுதி பஸ் போயிரும்” என்றார்.

“என்ன வேணா எழுதிக்க” என்றார் அண்ணன் என் காதருகே. “தட்சணைன்னு மட்டும் எழுதிராதடா.”

குடும்பச் செலவு என்று சொன்னேன். அவள் தட்டினாள். ரசீது வந்தது.

மூவாயிரத்து எழுநூறு வெள்ளி. சர்வீஸ் சார்ஜ் ஆறு வெள்ளி தனி.